மேடைச் சங்கீதம் மெல்லிசையான வரலாறு

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. அதில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடினார். கதைக்கும் அந்தக் கீர்த்தனைகளுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. கேட்கத் தகுந்த பாட்டு என்றால் கீர்த்தனைதான் என்ற எண்ணம் படம் எடுத்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் பொதுவாக இருந்தது. 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது கிட்டாரும் போங்கோவும் அக்கார்டியனும் திரைப்பாட்டின் அன்றாடக் கருவிகளாகிவிட்டிருந்தன. நாயகனும் நாயகியும் ஆலாபனை இல்லாமல், சங்கதி இல்லாமல், விளையாட்டுப் பேச்சாகவே பாடினார்கள். இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் 33 ஆண்டுகள். அந்த இடைவெளியில் தமிழ்ப் பாட்டின் எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோர் குருவிடம் முறையாகச் சங்கீதம் கற்றவர்கள். வர்ணமும் கீர்த்தனையும் இயற்றும் தகுதி உள்ளவர்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவில் போகிறவரும் முணுமுணுக்கும் மெட்டுகளைத் தேடிப் போனார்கள்.

வித்வான்கள் இலேசான பாட்டுப் பக்கம் சாய்ந்தது அதுவே முதல் தடவை அன்று. முத்துசுவாமி தீட்சிதர் கம்பெனிப் படையின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்திருக்கிறார். நோட்டுஸ்வர சாகித்தியம் என்று அவை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாவளி பரவியது. சிருங்காரமும் குறும்பும் கலந்த அந்தச் சிறு உருப்படியில் தர்மபுரி சுப்பராயர் தனிப் பெயர் எடுத்தார். கனமான வர்ணங்களுக்கும் கிருதிகளுக்கும் பெயர்போன பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் ஜாவளி இயற்றினார். ஆனால் இவர்கள் யாரும் ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடவில்லை. காலையில் கிருதி, மாலையில் ஜாவளி என்று இரண்டும் ஒரே கையில் இருந்தன. சினிமா வந்த பிறகுதான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது.

சினிமாவுக்கு முன்னால் நாடக மேடை இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய புராண நாடகங்கள் பாட்டாலேயே நடந்தன. பார்சி நாடகக் குழுக்கள் தமிழ்நாட்டுக்கு வந்து போனதில் இந்துஸ்தானி மெட்டுகளும் நாடக மேடையில் ஒட்டிக்கொண்டன. காவடிச் சிந்தும் தெம்மாங்கும் ஏற்கெனவே அங்கே இருந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா பாடினால் ஒலிபெருக்கி இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். உச்ச சுருதியில் பிடித்து நிறுத்தும் அந்தக் குரல்தான் 1920களில் பாட்டுக்காரனுக்கு இலக்கணம். அவர் 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தபோது, 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. அதே படத்தில் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். அந்த ஒரு லட்சம் ரூபாய்ச் செய்தி அக்காலச் சங்கீத உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

வித்வான்கள் திரைக்கு வந்த வேகம் இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஜி.என். பாலசுப்பிரமணியம் 'பாமா விஜயம்' (1934) தொடங்கிச் சில படங்களில் நாயகன். முசிரி சுப்பிரமணிய ஐயர் 'துக்காராம்' (1938) ஆனார். நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 'காளமேகம்' (1940) படத்தில் புலவராக நடித்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி 'சேவாசதனம்' (1938), 'சகுந்தலை' (1940), 'சாவித்திரி' (1941), 'மீரா' (1945) ஆகிய படங்களில் நடித்தார். தண்டபாணி தேசிகர் 1942இல் நந்தனார் வேடம் கட்டினார். இவர்கள் திரைக்கு வந்ததால் சங்கீதத்தின் எடை குறையவில்லை. தாம் கச்சேரியில் பாடியதை அப்படியே கொண்டுவந்தார்கள். படத்தில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கதை காத்திருந்தது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் விகடனில் இசை விமரிசனம் எழுதிய கல்கி, சங்கீதத்தின்மேல் தீராத காதல் கொண்டவராக இருந்தும், படங்களில் பாட்டு அளவுக்கு மீறிப் போவதைப் பல முறை கண்டித்தார். 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள்.

அந்தப் பாட்டுகளை எழுதியவர் பாபநாசம் சிவன். இந்த வரலாற்றின் முதல் பாதி அவருடையது.

தஞ்சை மாவட்டம் போலகத்தில் 1890இல் பிறந்த ராமையா, தந்தையை இழந்தபின் திருவனந்தபுரத்தில் வளர்ந்தார். அங்கே வடமொழி படித்தார். நீலகண்ட சிவனின் பஜனைகளோடு ஊறினார். பிறகு ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய்ப் பாடுவதே வாழ்க்கையாக இருந்தது. மயிலாப்பூரில் குடியேறியபின் மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை கோஷ்டியை நடத்திச் சென்றார். 'ராமதாச' என்ற முத்திரையோடு அவர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகள் அவருக்குத் 'தமிழ்த் தியாகையர்' என்ற பெயரை வாங்கித் தந்தன. வீடு வாசல் பற்றிக் கவலைப்படாமல் இருந்த அந்த மனிதரை 1930களின் நடுவில் 'சீதா கல்யாணம்' படம் திரைக்கு இழுத்தது. 1936இல் 'பக்த குசேலா'வில் அவரே குசேலராக நடித்தார். கந்தல் துணியோடு பக்தியில் கரையும் ஏழை அந்தணர் வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார்.

சிவனிடம் இருந்த அரிய தகுதி, அவர் வாக்கேயக்காரர் என்பது. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. ராகம் மனத்தில் எழும்போதே அதற்குரிய தமிழ்ச் சொல்லும் உடன் எழுந்தது. எந்த எழுத்தில் கமகம் விழவேண்டும், எந்த நெடிலில் நிற்கவேண்டும் என்று பிறகு யாரும் உட்கார்ந்து பேரம் பேசவேண்டியதில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதருக்காக அவர் செய்த 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) படப் பாடல்களில் இந்த இசைவு முழுமையாகத் தெரிகிறது. 'சிவகவி'யின் பாடல்கள் சில படத்தை விட்டுக் கழன்று நேராகக் கச்சேரி மேடைக்குப் போயின. கச்சேரிகளில் அதிகம் புழங்காத சாருகேசி ராகத்தை 'ஹரிதாஸ்' பாட்டு ஒன்று ரிக்‌ஷாக்காரர் வாய்க்குக் கொண்டுபோனது. பக்திக் கீர்த்தனையின் கட்டுக்கோப்பைக் காதல் பாட்டுக்கும் கேளிக்கைப் பாட்டுக்கும் அப்படியே பொருத்தியதுதான் அவர் செய்த காரியம். எளிமைப்படுத்தினார், ஆனால் மெலிய விடவில்லை.

1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதற்குச் சமமான வணிக வெற்றி அதற்கு முன்பு தமிழ்ப் படத்துக்குக் கிடையாது. கீர்த்தனை வழி வந்த பாட்டு சந்தையில் விலைபோகாது என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு படத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் படம் வெளியான சில வாரங்களில் பாகவதர் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947இல் விடுதலையாகி வெளியே வந்தபோது அவர் விட்டுப்போன உலகம் அங்கே இல்லை. 'ராஜமுக்தி', 'அமரகவி' என்று அடுத்தடுத்து வந்த படங்கள் தோற்றன. குரல் அதேதான், கேட்கும் காது மாறியிருந்தது.

காது மாறியதற்குக் காரணங்கள் பல. முதலில் இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் ஓடும் பத்தங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் தாங்கும். கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற கீர்த்தனை அதில் அடங்கவேண்டும். ஆலாபனை பத்து வினாடி முனகலாகச் சுருங்கியது. நிரவலும் கற்பனை ஸ்வரமும் போயின. அனுபல்லவி மெல்ல மறைந்து பல்லவி, சரணம் என்ற இரண்டடுக்கு நிலைத்தது. திரைப்பாட்டும் இசைத்தட்டாக விற்றாக வேண்டியிருந்ததால் அந்த அளவே திரைக்கும் சட்டமானது. ஏ.வி. மெய்யப்பன் போன்ற படமுதலாளிகள் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர்கள். சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற தட்டுக் கம்பெனியை நடத்திய அனுபவத்தோடுதான் அவர் படம் எடுக்கத் தொடங்கினார். எந்தப் பாட்டு கடையில் கேட்டு வாங்கப்படும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அடுத்தது பின்னணிப் பாட்டு. முப்பதுகளில் நடிகர் கேமரா முன்னால் நின்று பாடியே ஆகவேண்டும். ஆர்மோனியக்காரரும் பிடில்காரரும் தபலாக்காரரும் சட்டகத்துக்குள் விழாமல் செடி மறைவிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசித்தார்கள். காக்கை கரைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. 1938இல் மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் பாடினார். 1945இல் 'ஸ்ரீவள்ளி'க்குப் பெரியநாயகியின் குரல். பத்து ஆண்டுகளில் இது பொதுவழக்காகிவிட்டது. இனி நடிகர் பாடகராக இருக்கவேண்டியதில்லை. பாடகர் மேடை நடிகரைப்போல உரத்துப் பாடவேண்டியதும் இல்லை. மைக்குக்கு அருகில் நின்று மெதுவாகப் பாடினாலும் கொட்டகை முழுவதும் கேட்டது. பி.பி. ஸ்ரீநிவாசின் வெல்வெட்டுக் குரல் கிட்டப்பா காலத்தில் மேடையேறியே இருக்காது.

இந்திப் படங்களின் தாக்கமும் இதே காலத்தில் வந்தது. நௌஷாத், சி. ராம்சந்திரா ஆகியோரின் மெட்டுகள் தமிழ்நாட்டு நகரங்களில் பரவின. தயாரிப்பாளர் ஒரு தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பது வழக்கமாயிற்று. 'மாதிரி' என்பது பல நேரங்களில் 'அதேதான்' என்று ஆனது. இப்படிக் கேட்கப்பட்டபோது, ராக லட்சணம் அறிந்த இசையமைப்பாளர் பட்ட மனவருத்தத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. சிலர் ஒதுங்கினார்கள். எம்.எஸ். 'மீரா'வின் இந்திப் பதிப்போடு (1947) திரையை விட்டார், ஜி.என்.பி.யும் நாற்பதுகளின் இறுதிக்குள் முழுமையாகக் கச்சேரிக்குத் திரும்பினார். வீணை எஸ். பாலசந்தர் வேறொரு வழியில் போனார். குழந்தைப் பருவம் முதல் திரையில் இருந்த அவர், ஏவி.எம். நிறுவனத்துக்காக 1954இல் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை. பாட்டே இல்லாத தமிழ்ப் படத்தை இயக்கத் துணிந்தவர் ஒரு சங்கீத வித்வான் என்பது யோசிக்கத் தகுந்தது.

ஒதுங்காமல் நின்று மாறியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ஜி. ராமநாதன். திருச்சிக்கு அருகில் பிச்சாண்டார்கோயிலைச் சேர்ந்தவர். அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். 'சிவகவி'யிலும் 'ஹரிதாஸி'லும் சிவன் கொடுத்த மெட்டுகளுக்கு வாத்திய இசை சேர்த்தது இவர்தான். அதாவது, கீர்த்தனை வழித் திரைப்பாட்டு அதன் உச்சத்தில் இருந்தபோது அதன் சமையலறையிலேயே இருந்தவர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரிகுமாரி'யில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய இருவர் பாட்டு, எவர் வாயிலும் ஒட்டிக்கொள்ளும் எளிய மெட்டு. 1954இல் 'தூக்குத்தூக்கி'யில் டி.எம். சௌந்தரராஜனைக் கொண்டு நாட்டுப்புறச் சாயல் பாட்டுகளைப் பாடவைத்தார். பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடித் திரைக்கு வந்த சௌந்தரராஜனை அந்தப் பாணியிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் ராமநாதனுக்குப் பெரும் பங்கு உண்டு.

ராமநாதனின் மாற்றத்தை 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அருகிலிருந்து பார்க்கலாம். 1957இல் 'அம்பிகாபதி'. அதில் காதலர் இருவரும் களித்துப் பாடும் பாட்டுக்கு அவர் எடுத்தது முகாரி ராகம். அழுகைக்கென்றே ஒதுக்கப்பட்ட ராகம் என்று பொதுமக்கள்கூட நம்பிவந்த முகாரியில் மகிழ்ச்சியைக் காட்டவேண்டுமானால், அந்த ராகத்தின் எந்தப் பிடி சோகம் தருகிறது, எந்தப் பிடி தராது என்று நுணுக்கமாகத் தெரிந்திருக்கவேண்டும். அது வித்வானின் வேலை. மறு ஆண்டு 'உத்தம புத்திரன்'. அதில் ஹெலன் ஆட, சிவாஜி கணேசன் துள்ள, ராக் அண்ட் ரோல் சாயலில் ஒரு கேளிக்கைப் பாட்டு. டிரம்ஸும் பிராஸ் கருவிகளும் முழங்கும் அந்தப் பாட்டின் மெட்டைப் போட்டவர் முகாரிக்கு மெட்டுப் போட்ட அதே மனிதர். அவர் தரம் தாழ்ந்துவிட்டார் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. பாட்டைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. தாளத்தின் மேல் அவருக்கு இருந்த பிடியும், குரல்களை அடுக்கும் தெளிவும் 'ஹரிதாஸ்' காலத்துப் பயிற்சியிலிருந்தே வந்தவை. 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்குப் பாரதி பாடல்களை இசையமைத்தபோது மீண்டும் கனத்த பாணிக்கே போனார். 1963இல் மறைந்தார்.

இவரைவிட வயதில் இளையவரும் இவருக்கு முன்பே மறைந்தவருமான சி.ஆர். சுப்பராமன் மாற்றத்தை இன்னும் வேகமாக நடத்தியவர். எச்.எம்.வி. இசைத்தட்டு நிலையத்தில் ஆர்மோனியக்காரராகத் தொடங்கியவர். லத்தீன் அமெரிக்கத் தாள நடைகளைத் தமிழ், தெலுங்குத் திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதே சுப்பராமன்தான் 1951இல் 'மணமகள்' படத்துக்காகப் பாரதியின் கண்ணம்மா பாட்டு ஒன்றை ராகமாலிகையாக அமைத்து எம்.எல். வசந்தகுமாரியைப் பாடவைத்தார், பல பாடகர்கள் இன்றும் கச்சேரியில் பாடுவது அந்த அமைப்பையே. 1952இல் முப்பது வயதை எட்டுமுன்பே இறந்தார். முடிக்காமல் விட்ட படங்களில் 'தேவதாஸ்' ஒன்று. அவற்றை முடித்துக் கொடுத்தவர்கள் அவரிடம் உதவியாளராக இருந்த எம்.எஸ். விசுவநாதனும் டி.கே. ராமமூர்த்தியும்.

மெட்டுப் போட்டவர்களுக்கு நேர்ந்ததே பாட்டு எழுதியவர்களுக்கும் நேர்ந்தது. தஞ்சை ராமையாதாஸ் முறையாகத் தமிழ் கற்ற வித்துவான், தமிழாசிரியராக இருந்தவர், நாடகம் எழுதியவர். மாடர்ன் தியேட்டர்ஸ் வழியாகத் திரைக்கு வந்தபின் அவர் எழுதிக் குவித்தவற்றில் துள்ளல் பாட்டுகளே அதிகம் புகழ்பெற்றன. பொருள் தேடினால் எதுவும் கிடைக்காத ஒலிச்சொற்களைச் சந்தத்துக்காக அடுக்குவதில் அவருக்கு இணை அவரே. விஜயா நிறுவனத்தின் 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்' போன்ற இருமொழிப் படங்களில், தெலுங்குக்குப் போட்ட மெட்டில் தமிழ் உட்காரவேண்டும், உதட்டசைவும் ஒத்துவரவேண்டும். யாப்பு தெரியாதவரால் இது முடியாது. குறில் நெடில் அறிந்து, வல்லினம் எங்கே இடிக்கும் என்று உணர்ந்து, கேட்பவருக்கு அந்த உழைப்பு தெரியாமல் எழுதவேண்டும். புலமை முழுவதையும் செலவழித்து, அது வெளியே தெரியாதபடி மறைப்பதுதான் அந்தத் தொழில். புலவர் உலகம் அவரைக் குறைத்துப் பேசியது நியாயமாகப் படவில்லை.

உடுமலை நாராயணகவி வேறு விதம். நாடக மேடையில் பக்திப் பாட்டும் தேசியப் பாட்டும் எழுதிப் பழகியவர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்தபின் நகைச்சுவைப் பாட்டின் பக்கம் வந்தார். 1949இல் வெளியான 'நல்லதம்பி'யில் வரும் கிந்தனார் காலட்சேபம் அந்தக் கூட்டணியின் சிறந்த விளைவு. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தில்லைக்குப் போக ஏங்கிய நந்தன் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக ஏங்கும் ஒடுக்கப்பட்ட சிறுவன் கிந்தனை வைத்தார்கள். கொட்டகை சிரித்தது, சிரித்துக்கொண்டே தீண்டாமையின் கொடுமையையும் கேட்டது. இலேசான பாட்டுக்குள் கனமான பொருளை வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தக் காலத்தில் இல்லை.

இந்த மாற்றத்துக்கு எதிர்ப்பு அரசாங்கத்திடமிருந்தே வந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் தீவிரப் பற்றுள்ளவர். திரைப்பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இருந்த இடத்தை மிகவும் குறைத்தார். பாட்டு உரிமையாளர்களோடு தகராறும் முற்றி, திரைப்பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. அதற்கு மாற்றாக வானொலியே கவிஞர்களையும் வித்வான்களையும் வைத்துத் தரமான மெல்லிசைப் பாட்டுகளைத் தயாரித்தது. நல்ல பாட்டுகள் பல அதில் பிறந்தன. ஆனால் கேட்பவர்கள் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். கடல் தாண்டி இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு திரைப்பாட்டை நாள் முழுவதும் தந்தது. தஞ்சாவூரிலும் ராமநாதபுரத்திலும் அதைத் தெளிவாகக் கேட்க முடிந்தது. தேநீர்க் கடைகளில் அந்தப் பெட்டிதான் கூட்டம் சேர்த்தது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அகில இந்திய வானொலியும் இறங்கிவந்தது. ரசனையை உத்தரவு போட்டு உயர்த்த முடியாது என்பதை அந்த ஐந்து ஆண்டுகள் காட்டின. லாபம் அடைந்தது கொழும்பு.

விசுவநாதனும் ராமமூர்த்தியும் இந்தச் சூழலில் எழுந்தவர்கள். ராமமூர்த்தியின் பாட்டனார் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, தம் காலத்தில் பிடில் வாசிப்பில் முதல் வரிசையில் இருந்தவர். அந்தக் குடும்பத்துப் பேரன் கச்சேரி மேடையில் பக்கவாத்தியம் வாசிக்கப் போகாமல் ஸ்டூடியோவுக்குப் போனார். பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்த விசுவநாதன், கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் கற்றவர். கோவையில் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்தபடியே ஆர்மோனியத்தில் கைவைத்தவர். 'பணம்' (1952) இருவரும் சேர்ந்து இசையமைத்த முதல் படம். அறுபதுகளின் தொடக்கத்தில் 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று அடுக்கடுக்காக வந்தபோது, தமிழ்ப் பாட்டு என்றால் அவர்கள் பாட்டு என்ற நிலை வந்தது. 1963இல் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் பெற்றார்கள். முந்தைய தலைமுறையில் 'மெல்லிசை' என்பதை ஒரு வித்வானுக்குப் பட்டமாகக் கொடுத்திருந்தால் அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பார். இப்போது அதுவே மகுடம்.

அவர்கள் வேலை செய்த முறை சிவனின் முறைக்கு நேர் எதிர். ஆர்மோனியத்தோடு விசுவநாதன் உட்கார்ந்திருப்பார். இயக்குநர் காட்சியைச் சொல்வார். தத்தகாரத்தில் ஒரு மெட்டு வரும். பிடிக்காவிட்டால் இன்னொன்று, அதுவும் இல்லாவிட்டால் பத்தாவது. எதிரே கவிஞர் கண்ணதாசன். மெட்டின் சந்தத்தைக் காதில் வாங்கி அவர் வரிகளைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். சில சமயம் வரி முதலில் வந்து மெட்டு அதற்கு வளைந்துகொடுக்கும். பிறகு இடையிசை: குழலா, மாண்டலினா, மங்களமூர்த்தியின் அக்கார்டியனா என்று முடிவாகும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் அந்தச் சில வினாடிகளில் ராகத்தை விட்டு வெளியே போய்த் திரும்பலாம். ராமமூர்த்தியின் வில்லில் பழகிய நெளிவுகள் இங்கே வயலின் கூட்டத்துக்குப் பங்கிடப்பட்டன. ராகத்தை அறவே விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 'காதலிக்க நேரமில்லை' வந்த அதே 1964இல்தான் 'கர்ணன்' வந்தது. அதன் பாடல்கள் கர்நாடக, இந்துஸ்தானி ராகங்களில் வேரூன்றியவை. இரண்டையும் ஒரே ஆண்டில் செய்தவர்களைச் சங்கீதத்தைக் கைவிட்டவர்கள் என்று எண்ணுவது தவறு.

உண்மையில் கைவிடப்பட்டது வேறொன்று. சொல்லையும் இசையையும் ஒரே மனம் சேர்த்துப் பெற்றெடுக்கும் வழக்கம் சிவனோடு திரைப்பாட்டிலிருந்து போயிற்று. அதன் இடத்தில் வந்தது இருவர், மூவர், பத்துப்பேர் கூடிச் செய்யும் வேலை. அதனால் பாட்டுக்குக் கிடைத்தது நிறைய: பேச்சுத் தமிழின் நெருக்கம், பாத்திரத்துக்கேற்ற சொல், வாத்தியங்களின் நிறம், பாட்டைப் பாடத் தெரியாதவரும் பாடலாம் என்ற துணிச்சல். இழந்தது, மனோதர்மத்துக்கு இடம். சிவனின் திரைப்பாட்டைக் கச்சேரியில் எடுத்து விரித்துப் பாடலாம், நிரவல் செய்யலாம், ஸ்வரம் போடலாம். ஏனென்றால் அது உள்ளே கீர்த்தனை. அறுபதுகளின் சிறந்த திரைப்பாட்டை ஒரு மாத்திரை கூட்டவோ குறைக்கவோ முடியாது. பதிவான வடிவமே அதன் முழு வடிவம்.

விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். ராமமூர்த்தி தனியாகச் சில படங்களே செய்தார். விசுவநாதன் அடுத்த பல ஆண்டுகளுக்குத் தனியே அரசாண்டார். கனத்த சங்கீதத்துக்குத் திரையில் மீதியிருந்த இடத்தைக் கே.வி. மகாதேவன் நிரப்பினார். அவர் இசையில் 'திருவிளையாடல்' (1965) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது வித்வான் ஹேமநாத பாகவதரின் பாத்திரத்துக்கு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் ஒலித்தது நாகசுரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் பாத்திரத்துக்கு. காளிதாஸ் காலத்தில் எந்தக் கதையிலும் கீர்த்தனை வரலாம் என்று இருந்தது. இப்போது கதையில் ஒரு வித்வான் இருந்தால்தான் அது வரமுடியும். சிவனுக்கு 1971இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. 1973இல் அவர் மறையும்போது அவருடைய கீர்த்தனைகளும், கீர்த்தனையாகவே பாடப்பட்டுவந்த அவருடைய திரைப்பாட்டுகளும், சபாக்களில் ஒரே வரிசையில் இடம்பெற்றிருந்தன.